உறையில் எழுதிய குணங்கள்

அத்தியாயம் 17

போன வாரம் வக்கீல் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த தாளில் என்னதான் இருந்தது என்று ஏழு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்களை இனியும் காக்க வைப்பது பாவம். இருபத்துநான்கு சொற்கள் இருந்தன. அத்தனையும் ஸ்பானிஷ். பன்னிரண்டு நல்ல குணங்கள், பன்னிரண்டு கெட்ட குணங்கள்.

"இந்தப் பக்கம் இருக்கிற பன்னிரண்டும் உங்க தம்பி," என்றார் வக்கீல், தாளின் இடது பக்கத்தைத் தட்டி. "அந்தப் பக்கம் இருக்கிறது எதுவும் அவர் இல்ல. நீதிபதி இதைக் கேட்டா 'ஸீ', ஆமாம்னு தலையாட்டணும், அதைக் கேட்டா 'நோ'ன்னு சொல்லணும். மொழிபெயர்க்க ஆள் இருப்பாங்க. ஆனாலும் குணத்தைச் சொல்ற வார்த்தை உங்க வாயிலேருந்தே வரணும். இன்னொருத்தர் மூலமா வந்தா அது ஆறிப்போன காப்பி."

இந்த வீட்டின் சின்னவன் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஸ்பானிஷ் பேசும் ஒரு துறைமுகத்தில், எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஆயிலர், எஞ்சின் அறைத் தொழிலாளி ஒருவர், மூச்சுத் திணறி உள்ளேயே இறந்துபோனார். ஆள் இறங்குமுன் உள்ளே காற்று இருக்கிறதா என்று கருவியை விட்டுப் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டியவன் சின்னவன். பார்த்தேன், போட்டேன், ஆள் விழுந்ததைக் கண்ட அந்த நிமிஷமே அபாய மணியை அடித்தேன் என்கிறான் அவன். இன்றைக்கு அந்த ஊர் நீதிபதி நம்பினால் அவன் வீட்டுக்கு வருவான். நம்பாவிட்டால் ஆறு வருஷம்.

அக்காதான் இன்று மாலை கணினித் திரை வழியாகச் சாட்சி சொல்லவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள். ஊருக்கு மருந்துக் கடைக்காரி.

பெரியவளுக்கு மனப்பாடம் செய்ய ஒரே வழிதான் தெரியும். கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகளை எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொல்லை எழுதினாள். நல்ல குணத்துக்கு வெள்ளை உறை, கெட்ட குணத்துக்குப் பழுப்பு உறை. ஒரு வாரமாக வீடே ஒரு மருந்துக் கடையாகிவிட்டது.

காலையில் அம்மா மாத்திரைப் பெட்டியைத் திறந்தபோது அதிலும் ஒரு வெள்ளை உறை இருந்தது.

"இது எதுக்கும்மா, ரத்த அழுத்தத்துக்கா?"

"படிச்சுட்டு முழுங்குங்கம்மா. ஒனெஸ்தோ. நேர்மையானவன்."

"ஒனெஸ்தோ," என்றாள் அம்மா. தண்ணீரைக் குடித்தாள். மாத்திரை இறங்கியது. சொல் இறங்கவில்லைபோல; தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உமில்தே?" என்று அடுத்த உறையைத் தட்டிக் கேட்டாள் அம்மா.

"அடக்கமானவன்."

"அவனா?" அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புதுச் சட்டை போட்டா நாலு வீட்டுக்குக் காட்டிட்டு வருவான். அதை மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

பெரியவளும் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே மணி பார்க்கத் திரும்பியவள், அப்படியே நின்றாள்.

அந்த வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று வீட்டு மணி, இன்னொன்று கப்பல் மணி. சின்னவன் கடலுக்குப் போன நாளிலிருந்து அம்மா வைத்திருக்கும் பழக்கம் இது. கப்பல் துறைமுகம் மாறும்போதெல்லாம் ஸ்டூல்மேல் ஏறி முள்ளைத் திருப்பி வைப்பாள். பிள்ளை இப்போது எழுந்திருப்பான், இப்போது சாப்பிடுவான் என்று அதைப் பார்த்தே சொல்வாள். இப்போது அது கப்பல் மணிகூட இல்லை, ஜெயில் மணி. ஆனாலும் நாலரை மணி நேரம் பின்தங்கி, ஒருநாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு நின்றிருந்தது.

"கப்பல் கடியாரம் நின்னுபோச்சேம்மா?"

"பேட்டரியைக் கழட்டிட்டேன்." அம்மா மாத்திரைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு மணி பாத்துப் பாத்து தலை சுத்துது."

பெரியவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேற்றுத்தான் வக்கீல் குற்றப் பத்திரிகையை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். அபாய மணி அடித்தது அங்கே காலை ஒன்பது பத்துக்கு. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை.

கடையில் அன்று கூட்டம் அதிகம். இருமல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை. பெரியவளின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

அவள் கையில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. மருந்தின் பெயரை மூன்று தடவை படிப்பாள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, உறையில் போடும்போது ஒருமுறை, ஆளின் கையில் கொடுக்கும்போது ஒருமுறை. முதல் இரண்டு தடவையும் கண் பார்ப்பதில்லை, பழக்கம்தான் பார்க்கிறது. மூன்றாவது தடவைதான் மனுஷி பார்க்கிறாள் என்பாள். மூன்றாவது தடவையில் உறுத்தினால், எதிரே நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் கொடுக்கமாட்டாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு மூன்றாவது தடவையில்தான் கைபேசி அடித்தது. சின்னவன்.

"அக்கா, மூடின இடத்துல காத்தில்லாம ஒரு ஆள் மயங்கிட்டா எவ்வளவு நேரம் தாங்குவான்?"

"நிமிஷக் கணக்குதான்டா. உடனே வெளிய தூக்கணும். ஏன், யாராவது..."

"சேச்சே. பரீட்சைக்குப் படிக்கிறேன், அதுல வருது. மயங்கினவனுக்கு ஏதாவது ஊசி இருக்கா?"

"ஊசியெல்லாம் அப்புறம். முதல்ல காத்து."

"சரிக்கா. வெச்சிடறேன்."

அவள் நம்பினாள். மேற்படிப்புப் பரீட்சை வருகிறது என்று அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, தம்பி பேசினான் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா வழக்கம்போலக் கேட்டாள், எத்தனை மணிக்கு என்று. "ஒண்ணு பத்து இருக்கும்மா." அம்மா கப்பல் கடிகாரத்தின் கணக்கில் விரலை மடக்கினாள். "எட்டு நாப்பது. காலைல சாப்பிட்டிருப்பான்."

எட்டு நாற்பதுக்கு அக்காவைக் கேட்டவன், ஒன்பது பத்துக்கு மணி அடித்திருக்கிறான். நடுவில் முப்பது நிமிஷம். கீழே ஒருவன் மூச்சுக்குத் தவித்த முப்பது நிமிஷம். அதற்குள் மேலே என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். தெரியாது என்று ஐந்து மாதமாகத் தனக்கே பூசி மெழுகிக்கொண்டிருந்தாள். பார்க்காத காற்றைப் பார்த்ததாக ஒரு படிவம் நிரம்பியிருக்கிறது.

சின்ன வயதிலும் இவன் இப்படித்தான். அப்பாவின் கண்ணாடியை உடைத்தவன் அவன், அடி வாங்கியவள் அவள். எல்லாம் முடிந்தபிறகு போர்வைக்குள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுவான். அந்த அழுகையில் பொய்யே இருக்காது.

அதே பயல்தான், அவள் தாலி இழந்து பெட்டியோடு வந்து நின்ற அன்று, கதவை அகலத் திறந்து, "என்னக்கா வாசல்லயே நிக்கிறே, உன் ரூமைத் துடைச்சு வெச்சிருக்கேன்" என்றவன். ஒன்பது வருஷமாக அவள் படுப்பது அவன் கட்டிய வீட்டில். ஹெனெரோசோ. தாராள மனசுக்காரன். அந்த உறையை அவள் முப்பது தடவை படித்தாலும் உறுத்தாது.

மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் தம்பி மனைவி வந்தாள். எட்டு மாத வயிறு. வெயிலில் நடந்து வந்ததில் முகம் வெளுத்திருந்தது. அவள் காப்பீட்டு ஆபீசில் வேலை. விபத்து, இழப்பு என்று வரும் காகிதங்களைச் சரிபார்ப்பவள். காகிதம் சரியாக இருந்தால் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்யமுடியாது என்பது அவள் ஓயாமல் சொல்லும் வசனம்.

"உக்காரு முதல்ல. ஆட்டோ பிடிச்சு வரக்கூடாதா?"

"உக்கார நேரமில்ல அண்ணி. உங்க போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"அன்னைக்கு அவர் பேசினது அதுல இருக்கும்ல. அழிச்சிடுங்க."

 அந்த அழைப்பைப் பற்றி இவளிடம் பெரியவள் மூச்சு விட்டதே இல்லை.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. அதுவா இப்ப முக்கியம்?" அவள் கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் போனை அந்த ஊர்ப் போலீஸ் எடுத்தப்போ அது தண்ணிக்குள்ள விழுந்து செத்துப்போயிருந்துச்சு. உங்க போன் ஒண்ணுதான் மிச்சம்."

"செத்தது போன் மட்டும் இல்லியே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாக விழுந்தது என்று தெரிந்தது. தம்பி மனைவி அழவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"அண்ணி, நீங்க நல்லவங்க. எனக்குத் தெரியும். ஆனா நல்லவங்களா இருக்கிறதுக்கு உங்களுக்கு ஒரு கூரை இருக்கு. இது பிறந்து, ஆறு வயசுல அப்பா யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? எந்த உறையைப் பிரிச்சுக் காட்டட்டும்?"

பெரியவள் கைபேசியை எடுத்தாள். ஐந்து மாதம் பின்னால் தள்ளித் தள்ளிப் போனாள். தம்பியின் பெயர், பிற்பகல் ஒன்று பத்து. அழிக்கவா என்று கேட்டது திரை.

"நீ வீட்டுக்குப் போ," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

அழிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தம்பி மனைவி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

நாலு மணிக்கு வீட்டின் முன்னறையில் வக்கீலின் மடிக்கணினியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பெரியவள், இடப்புறம் அம்மா, வலப்புறம் தம்பி மனைவி. மேஜைமேல் வெள்ளை உறைகள் ஒரு கட்டு, பழுப்பு உறைகள் ஒரு கட்டு. கேமராவில் படாத இடமாகப் பார்த்து வக்கீலே அடுக்கி வைத்தார்.

திரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. ஒன்றில் வயதான நீதிபதி. ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் அம்மாள். பத்திரிகை படிப்பதுபோல் தமிழ் பேசினார். ஒன்றில் சின்னவன்.

"ஐயோ, எப்படி இளைச்சுட்டான்," என்றாள் அம்மா.

மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். நீதிபதி தலையை அசைத்தார். சின்னவன் தலை குனிந்தான்.

முதலில் பேசியது பெரியவள் அல்ல. நாலாவது கட்டத்தில் ஒரு பெண் வந்தாள். வயது பெரியவளின் வயதுதான் இருக்கும். பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒரு ஆணியில் மாட்டிய ஆண்பிள்ளைச் சட்டை. இறந்த ஆயிலரின் அக்கா என்றார் வக்கீல், காதோரமாக.

அவள் பேசிய மொழி இந்த அறையில் யாருக்கும் தெரியாது. மொழிபெயர்ப்பாளருக்கும் தெரியாது, அங்கே வேறொருவர் அதை ஸ்பானிஷில் சொல்ல, இவர் அதைத் தமிழில் சொல்லவேண்டும், அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். ஆனால் நடுநடுவே அந்தப் பெண் கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, ஒரு சொல்லை அழுத்திச் சொன்னாள்.

"...த்ரபஹதோர்..."

உழைப்பாளி, என்று பெரியவளின் மனம் தானாகச் சொன்னது.

"...பசியெந்தே..."

பொறுமைசாலி.

"...பொந்தாதோசோ..."

நல்ல மனசுக்காரன்.

அவளுக்கும் ஒரு வக்கீல் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். அவளும் எதிலோ எழுதி வைத்து, சமைக்கும்போதும் துவைக்கும்போதும் முணுமுணுத்திருக்கிறாள். அதே பன்னிரண்டு சொற்கள். அந்தப் பெண் பேசியதில் பெரியவளுக்குப் புரிந்தது அந்தச் சொற்கள் மட்டும்தான், அவை போதுமாக இருந்தன. இறந்தவன் யாரோ ஒரு ஆயிலர் என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அவன் யாரோ ஒருத்தியின் தம்பி என்று அப்போதுதான் உறைத்தது.  

"அடுத்து நீங்க," என்றார் வக்கீல். "தைரியமா சொல்லுங்க."

நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "தங்களுடைய சகோதரர் எப்படிப்பட்டவர்?"

"மி எர்மானோ எஸ்..." என் தம்பி. அதுவரை நன்றாக வந்தது. "ஹெனெரோசோ."

நீதிபதி புன்னகைத்தார். வக்கீல் மேஜைக்கடியில் கட்டை விரலை உயர்த்தினார். தம்பி மனைவி அடுத்த வெள்ளை உறையை அவள் பக்கம் நகர்த்தினாள். ஒனெஸ்தோ.

அலமாரியிலிருந்து எடுத்தபோது படித்தாள். எழுதியபோது படித்தாள். இப்போது கொடுக்கும் நேரம். எதிரே ஒரு பெண் கையில் துண்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். இதை அவள் கையில்தான் கொடுக்கவேண்டும்.

"அண்ணி," என்று வலப்புறம் கிசுகிசுத்தது.

"சொல்லும்மா," என்று இடப்புறம் கேட்டது.

பெரியவள் வெள்ளை உறையைக் கவிழ்த்து வைத்தாள். பழுப்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். எது என்று பார்க்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

"கொபார்தே," என்றாள். கோழை.

வக்கீல் நாற்காலியில் துள்ளினார். "நோ! நோ சொல்லணும்! அது அந்தப் பக்கத்து வார்த்தை! தப்பா வந்துடுச்சு, ஐயா..."

"தப்பா வரல," என்றாள் பெரியவள். இனி ஸ்பானிஷ் தேவைப்படவில்லை, தமிழிலேயே பேசினாள். "மேடம், நான் சொல்றதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்க. அன்னைக்கு இங்க மணி ஒண்ணு பத்து. அங்க எட்டு நாப்பது. என் தம்பி எனக்குப் போன் பண்ணான். காத்தில்லாம மயங்கினவன் எவ்வளவு நேரம் தாங்குவான்னு கேட்டான். மணி அடிச்சது ஒன்பது பத்துக்கு." கைபேசியைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.  "நான் அழிக்கல."

மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லி முடித்தார். நீதிபதி பேனாவை எடுத்தார். நாலாவது கட்டத்துப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவன் தலை நிமிர்ந்தான். கோபம் இருக்கும் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். இல்லை. போர்வைக்குள் வந்து கட்டிக்கொள்ளும் அந்த முகம்தான் இருந்தது.

"அக்கா," என்றான் கரகரத்த குரலில். "நீ சொன்னது சரி. நீ உடனே தூக்குன்னு சொன்னே. நான்தான் தூக்கல." கேமராப் பக்கம் குனிந்தான். "ஆனா உனக்கு முன்னாடி நான் வீட்டு நம்பருக்குத்தான்க்கா போன் பண்ணேன். விஷயத்தைச் சொன்னேன். முதல்ல ஃபாரத்தை எழுதி முடி, அப்புறம் மணி அடின்னு சொன்னது வீட்டுல இருந்துதான். யாருன்னு அங்கயே கேளு."

 அந்தப் பகலில் அம்மா வீட்டில்தான் இருந்தாள். தம்பி மனைவியும் மசக்கை என்று லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தாள்.

"குற்றம் சாட்டப்பட்டவர் இப்போது கூறியதை மொழிபெயர்க்கலாமா?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

பெரியவள் முதலில் வலப்பக்கம் திரும்பினாள். பிறகு இடப்பக்கம். இரண்டு பேருமே சுவரில் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.